நண்டு கடிக்கும் வரை காத்திருந்த காலம்

பினாங்கில் யாரிடமாவது இடுப்பு வலி என்று சொல்லிப் பாருங்கள். பசியாறி முடிப்பதற்குள் நான்கு முகவரி கையில் இருக்கும். ஆயர் ஈத்தாமில் ஒரு சின்சே, பாயான் லெப்பாசில் பிடித்துவிடும் மலாய்க்கார அம்மா, பட்டர்வொர்த்தில் எண்ணெய் போட்டு நீவிவிடும் தாத்தா. எதுவும் சரிப்படாவிட்டால் ஃபார்மசியில் ஓர் அட்டை வலி மாத்திரை. அறுபதைத் தாண்டியவர் என்றால் இந்த அலைச்சல்கூட இல்லை. "வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம்.

பெரும்பாலும் அது வெறும் இடுப்பு வலிதான். என் காலை நிகழ்ச்சிக்குத் தவறாமல் பேசும் நேயர் ஒருவருக்கு அப்படி இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 67. டி.எம்.எஸ். பாட்டைத் தவிர வேறு எதையும் விரும்பிக் கேட்டதில்லை. நான்கு மாதமாக அவர் குரலே இல்லை. பிறகு ஒருநாள் அவருடைய மகள் பேசினார். "அப்பாவுக்கு முதுகெலும்பு ஒண்ணு நொறுங்கிப் போச்சுக்கா. கிட்னியும் சரியில்லையாம். இரத்தப் புற்றுநோய்ங்கிறாங்க. ஒரு வருஷமா முதுகு வலின்னுதானே சொல்லிக்கிட்டிருந்தாரு, முதல்லயே ஏன் யாருக்கும் தெரியல?"

நான் படித்தது ஊடகத்துறை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்ததில் கிடைத்ததை உங்களிடம் சொல்கிறேன்.

நோயின் பெயர் மல்டிபிள் மைலோமா. நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைத் தயாரிப்பது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்று கெட்டுப்போய்த் தன்னைப் போலவே பெருகினால், எதற்கும் உதவாத ஒரே வகைப் புரதம் இரத்தத்தில் குவிகிறது. அது சிறுநீரகத்தை அடைக்கிறது. எலும்பு அரிக்கப்படுகிறது. எலும்பிலிருந்து கரையும் கால்சியம் இரத்தத்தில் ஏறுகிறது. மஜ்ஜையில் இடம் போய்விடுவதால் சிவப்பணுக்கள் குறைந்து சோகை பிடிக்கிறது. கால்சியம், சிறுநீரகம், சோகை, எலும்பு. இந்த நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் நண்டு என்று பொருள்படும் 'கிராப்' வரும். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

இது புதிய நோய் அல்ல. 1844-ல் லண்டனில் மளிகை வியாபாரி ஒருவர், விடுமுறைக்குப் போன இடத்தில் தாவிக் குதித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ முறிந்ததுபோல் உணர்ந்தார். அதன்பின் வலி அவரை விடவே இல்லை. அவருடைய சிறுநீரைச் சூடாக்கினால் வெண்மையாகத் திரியும்; கொதிக்க விட்டால் கரைந்து மறையும்; ஆறினால் மறுபடி திரியும். குழம்பிப்போன வைத்தியர்கள் அதை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்தப் புரதத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். மளிகைக்காரர் 1846 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். அவருடைய எலும்புகள் மிருதுவாகிப் போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ கிளினிக்கில் ராபர்ட் கைல் என்ற மருத்துவர், கெட்ட புரதம் இரத்தத்தில் இருந்தும் நல்ல சுகத்தோடு நடமாடுகிறவர்களைக் கவனித்தார். 1978-ல் அந்த நிலைக்குத் தனிப் பெயர் கொடுத்தார். 1980-ல் இன்னொரு நடு நிலையையும் சக மருத்துவரோடு சேர்ந்து விவரித்தார். அதில் கெட்ட செல்கள் இன்னும் அதிகம். ஆனாலும் உடம்பில் சேதம் இல்லை. நெருப்புப் பற்றவில்லை, புகைகிறது என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

புகைகிறவருக்கு மருந்து கொடுப்பதில்லை. நண்டின் நான்கு கால்களில் ஒன்றாவது கடித்திருந்தால்தான் அது மைலோமா, அப்போதுதான் சிகிச்சை. அந்தக் காலத்துக்கு அது நியாயமான விதி. மருந்துகள் கடுமையானவை, பலனும் குறைவு. ஆனால் 2000-க்குப் பிறகு நல்ல மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. விதி மட்டும் அப்படியே இருந்தது. எலும்பு முறியட்டும், சிறுநீரகம் கெடட்டும், பிறகு வா என்று சொல்வதுபோல.

இந்த விதியை மாற்ற முன்னின்றவர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் எஸ். வின்சென்ட் ராஜ்குமார். அங்கிருந்து அமெரிக்கா போய், மேயோ கிளினிக்கில் கைலோடு சேர்ந்து பல ஆண்டு ஆராய்ச்சி செய்தவர். 2007-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு, புகையும் நிலையில் இருந்த 276 பேரைப் பற்றியது. முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்குப் பத்து சதவீதம் பேருக்கு நோய் முற்றியது. அதற்குப் பிறகு வேகம் குறைந்தது. அப்படியென்றால் எல்லாரும் ஒரே வகை அல்ல. சிலருக்கு நெருப்பு வாசலுக்கே வந்துவிட்டது, சிலருக்கு வரவே போவதில்லை. யார் எந்த வகை என்று எப்படிப் பிரிப்பது?

பல நாட்டு மைலோமா நிபுணர்கள் சேர்ந்த குழு 2014-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் பதில் சொன்னது. கட்டுரையின் முதல் ஆசிரியர் ராஜ்குமார். மஜ்ஜையில் 60 சதவீதமோ அதற்கு மேலோ கெட்ட பிளாஸ்மா செல்கள் இருந்தால், அல்லது இரத்தத்தில் 'லைட் செயின்' என்ற புரதத் துண்டுகளின் விகிதம் நூறை எட்டினால், அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் புள்ளி தெரிந்தால், அது மைலோமாதான். வலி இல்லாவிட்டாலும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும். இப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு இரண்டே ஆண்டுகளில் நண்டு கடித்துவிடும் என்பதுதான் காரணம்.

ஒரு நோயின் வரையறையை மாற்றி எழுதுவது ஏதோ அலுவலகக் காகித வேலை மாதிரி தெரியலாம். எனக்கு அது ஒரு புது மருந்துக்குச் சமமாகத்தான் படுகிறது. நோயின் பெயர் கோப்பில் ஏறினால்தானே மருந்து தொடங்குகிறது? கோட்டை ஓர் அங்குலம் முன்னே நகர்த்தினால், முதுகெலும்பு உடையாமலே சிகிச்சைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.

ரொம்பவும் முன்னே நகர்த்தினாலும் ஆபத்துதான். மேயோ குழு தன் வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைச் சோதித்தபோது நூற்றில் மூன்று பேருக்கு அந்தக் கெட்ட புரதம் இருந்தது. இவர்களில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் பேருக்குத்தான் அது நோயாக முற்றுகிறது. மற்றவர்கள் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாமலே பேரன் பேத்தி கல்யாணம் வரை பார்த்துவிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் புற்றுநோய் என்று பெயர் சூட்டி மருந்து கொடுப்பது பாவம். இரண்டுக்கும் நடுவில் அதிக ஆபத்தோடு புகைகிறவர்களை என்ன செய்வது என்பதில் நிபுணர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2024 டிசம்பரில் வெளியான 390 பேர் ஆய்வில், டாராட்டுமுமாப் ஊசியை முன்கூட்டியே போட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் நோய் முற்றாமல் இருந்தார்கள். போடாதவர்களில் 41 சதவீதம். அப்படியானால் எல்லாருக்கும் போடலாமே என்று ஒரு தரப்பு கேட்கிறது. ஊசி இல்லாமலே நன்றாக இருந்த அந்த 41 பேருக்கு எதற்கு என்கிறது மறுதரப்பு.

நமக்கு வேண்டியது அதைவிட எளிது. வாரக்கணக்கில் விடாத எலும்பு வலி, காரணம் தெரியாத சோர்வு, சோகை, நுரைத்துப் போகும் சிறுநீர், அடிக்கடி நெஞ்சுச் சளிக் காய்ச்சல்: இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் பிடித்துவிடுகிறவரிடம் போவதற்கு முன் கிளினிக்குக்குப் போங்கள். இரத்த அணு எண்ணிக்கை, கிரியேட்டினின், கால்சியம் மூன்றும் சாதாரணச் சோதனைகள். சந்தேகம் இருந்தால் புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரசிஸ் சோதனைக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார். வீட்டில் கிடக்கும் பழைய இரத்த அறிக்கையில் மொத்தப் புரதம் கூடி, அல்புமின் மட்டும் கூடாமல் இருந்தால் அதையும் மறக்காமல் காட்டுங்கள். ஃபார்மசியில் வாங்கும் டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் மைலோமா இருப்பவரின் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். எங்கள் நேயர் அவற்றை எட்டு மாதம் விழுங்கியிருக்கிறார்.