முதல் செலவு மொட்டைமாடியில்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிட்டாராம். மகிழ்ச்சி. "சார், ஒன்றரை லட்சம் வரை போடலாம், எந்த செட் வாங்கட்டும்?" என்று கேட்டார். "ஆன்டெனாவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கே தம்பி?" என்றேன். "அது சும்மா ஒயர்தானே சார்" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோ பழையதாக இருக்கலாம். ஒயரும் கேபிளும் கனெக்டரும் சரியாக இருக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. விடிந்து பார்த்தால் தோப்பில் தென்னை நிற்கவில்லை. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும். இங்கே உயிரோடு இருக்கிறார்களா என்று அங்கே தவிக்கிறார்கள். என்னிடம் ரேடியோ இருந்தது, முழுசாக சார்ஜ் ஆன பேட்டரியும் இருந்தது. இந்த நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் ஒயரைக் கட்டி வைத்திருந்தோம் என்று நினைத்தேன்.

ஆன்டெனா கட்டியிருந்த தென்னை விழுந்துவிட்டது. ஒயரை எடுத்து வராந்தாத் தூணுக்கும் மதில் சுவருக்கும் நடுவே பத்தடி உயரத்தில் கட்டினேன். 40 மீட்டர் பேண்டில் திருச்சி நண்பர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. நான் கூப்பிட்டேன், பதில் இல்லை. அன்று முழுக்கக் கூப்பிட்டும் என் குரல் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ 1.3 என்று அழகாகக் காட்டியது.

மறுநாள் காலைதான் புத்தி வந்தது. ஒயரோடு சேரும் இடத்தில் இருந்த பி.எல்.-259 கனெக்டரை வெட்டினேன். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. செம்புப் பின்னல் கறுத்துக் கிடந்தது. வெட்டிக்கொண்டே போய், ஐந்து மீட்டர் தாண்டித்தான் செம்பு பளபளப்பாகத் தெரிந்தது. சாலிடர் வைக்கக் கரண்ட் இல்லை. நேரடியாக முறுக்கிக் கட்டிக் கூப்பிட்டேன். திருச்சி உடனே பதில் சொன்னது. தெருவில் ஒவ்வொரு வீட்டு நலச்செய்தியும் அதன் வழியாகத்தான் போனது. எதிர்வீட்டு அக்கா தன் மகன் நம்பரைச் சொல்லும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பையன் ஒரு நாள் கூடுதலாகத் தவித்ததற்குக் காரணம் என் சோம்பல். சிக்னல் குறைகிறது என்று இரண்டு மாதம் முன்பே நண்பர்கள் சொன்னார்கள். நான் மீட்டரை நம்பினேன்.

மீட்டர் ஏன் ஏமாற்றியது? நனைந்த கேபிள், போகும் சக்தியையும் தின்கிறது, திரும்பி வரும் சக்தியையும் தின்கிறது. திரும்பி வருவது குறைந்தால் மீட்டருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். கேட்கும்போதும் குறை தெரியாது. இந்த பேண்டில் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே குறைவதால் காது கண்டுபிடிக்காது. வகுப்பில் விடையை மட்டும் பார்த்து மார்க் போடாதே, வழிமுறையைப் பார் என்பேன். எனக்கே அது மறந்துபோனது.

இனி செய்ய வேண்டியவை.

ஒயர்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வரும். 7.1-க்குச் சுமார் 20 மீட்டர், அதாவது 66 அடி. பக்கத்துக்கு 33 அடி. கொஞ்சம் நீளமாக வெட்டிப் பிறகு குறையுங்கள். உயரம் இல்லையே என்று வருந்த வேண்டாம். தாழ்ந்த டைபோல் அலையை மேலே அனுப்பும், அது குடை விரித்ததுபோல் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். பக்கத்து மாவட்டங்களோடு பேச அதுவே நல்லது.

கேபிள்: 40 மீட்டர் பேண்டுக்கு நல்ல ஆர்.ஜி.-58 போதும். இரண்டு மீட்டர் பேண்டில் அதையே 30 மீட்டர் போட்டால் பாதிக்கு மேல் சக்தி வழியிலேயே போய்விடும். அங்கே ஆர்.ஜி.-213 போடுங்கள். 100 வாட்டை 200 ஆக்கினால் எதிர்முனையில் கூடுவது அரை எஸ்-யூனிட்தான். அந்தக் காசைக் கேபிளில் போடுங்கள்.

கனெக்டர்: பி.எல்.-259 தண்ணீரைத் தடுக்காது. நடு ஊசியோடு நிறுத்தாமல் பின்னலையும் சாலிடர் செய்யுங்கள். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துப் பிடித்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கீற்று வேய்பவர் அடியிலிருந்துதானே மேலே போவார், அதே கணக்கு. அதன் மேல் பி.வி.சி. டேப். வினிகர் வாடை வரும் சிலிக்கான் பசை செம்பை அரிக்கும், வேண்டாம். கேபிள் ஜன்னலில் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கம்பம்: மூங்கிலோ சவுக்கோ ஜி.ஐ. பைப்போ, மூன்று பக்கமும் சம கோணத்தில் இழுத்துக் கட்டுங்கள். மரத்தில் கட்டினால் கப்பி வைத்து மறுமுனையில் கனம் தொங்கவிடுங்கள், மரம் ஆடினாலும் ஒயர் அறாது. கம்பம் சாய்ந்தால் எவ்வளவு தூரம் விழுமோ, அதைவிடப் பத்தடியாவது தள்ளித்தான் மின்கம்பி இருக்க வேண்டும். இதில் மட்டும் சமாதானமே கிடையாது. இடமில்லை என்றால் ஆன்டெனா வேண்டாம். வானம் கறுக்கும்போதே கேபிளைக் கழற்றி விடுங்கள். இடி இடிக்க ஆரம்பித்தபின் அதைத் தொடாதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன் வருஷம் ஒருமுறை எல்லாக் கனெக்டரையும் பிரித்துப் பாருங்கள். நான் ஆயுத பூஜையன்று செய்கிறேன். மாப்பிள்ளைகள் இன்னும் என் ஆன்டெனாவைத் துணி காயப்போடும் கொடி என்றுதான் கேலி செய்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், துணி மட்டும் போடாமல் இருந்தால் சரி.

தம்பி, உனக்குப் பதில் இதுதான். முதலில் மொட்டைமாடிக்குப் போ. மிச்சம் இருக்கிற காசில் செட் வாங்கு. காற்றில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்