படகு ஜி.பி.எஸ்.ஸை லேப்டாப்பில் இணைக்கலாமா?

விசைப்படகுகளில் இன்று ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இரண்டும் சாதாரணம். சின்னத் திரையில் எண்களாகத் தெரிவதை, லேப்டாப்பில் கடல் வரைபடத்தின் மேல் நகரும் படகாகப் பார்க்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். முதலில் இணைப்பைப் பார்ப்போம்.

வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது மொழி இருக்கிறது. என்.எம்.இ.ஏ. 0183 என்பது அதன் பெயர். டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒற்றை வரிகள்; அவ்வளவுதான். ‘ஆர்.எம்.சி.’ என்ற வரியில் நேரம், இடம், வேகம், திசை வரும். ‘டி.பி.டி.’ வரியில் ஆழம் அடி, மீட்டர், பாகம் என மூன்று அளவிலும் வரும்.

ஜி.பி.எஸ்.ஸின் மெனுவில் ‘இன்டர்ஃபேஸ்’ பகுதிக்குப் போய் என்.எம்.இ.ஏ.வைத் தேர்வு செய்யுங்கள். டேட்டா வெளிவரும் ஒயரையும் கிரவுண்டு ஒயரையும் யு.எஸ்.பி. - சீரியல் கன்வெர்ட்டரில் சேர்த்து லேப்டாப்பில் செருகுங்கள். டேட்டா ஒயர் என்று நினைத்து பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரைத் தொட்டுவிட்டால் கன்வெர்ட்டர் பழுதாகக்கூடும். கருவியின் கையேட்டில் ஒயர் நிறத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடுங்கள். வேகம் 4800 பாட் என்று வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ‘ஓப்பன் சி.பி.என்.’ மென்பொருளில் அந்தப் போர்ட்டின் எண்ணைக் கொடுத்தால், வரிகள் வரத் தொடங்கும்.

இரண்டு கருவிகளின் டேட்டா ஒயரை ஒன்றாக முறுக்கி ஒரே போர்ட்டில் சேர்க்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் புரியாது. ஆளுக்கொரு போர்ட், அல்லது நடுவில் ஒரு மல்டிபிளெக்ஸர் வேண்டும்.

இணைத்ததும் மவுஸ் அம்பு பேய் பிடித்ததுபோல் துள்ளுகிறதா? வைரஸ் அல்ல. விண்டோஸ், ஜி.பி.எஸ்.ஸைப் பழைய காலத்து சீரியல் மவுஸ் என்று நினைத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த ‘மவுஸை’ டிஸேபிள் செய்துவிட்டால் அடங்கிவிடும்.

இனி அந்தக் கவனமான இடம். வரியில் அட்சரேகை 0917.250 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இது 9.1725 டிகிரி அல்ல. 9 டிகிரி, 17.25 மினிட். ஒரு டிகிரிக்கு 60 மினிட் என்பதால், 17.25ஐ 60ஆல் வகுத்து 9உடன் கூட்டினால் 9.2875 டிகிரி. ராமேசுவரத்தின் அட்சரேகை கிட்டத்தட்ட இதுதான். மென்பொருள் இதைத் தானே சரியாகக் கணக்கிடும். வலை விரித்த இடத்தை நாம் கையால் நோட்டிலோ செல்போன் வரைபடத்திலோ பதியும்போதுதான் தப்பு நேர்கிறது. மேலே சொன்ன இரண்டு எண்களுக்கும் இடையே கடலில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்! எல்லைக்கோடு பக்கத்திலேயே ஓடும் பாக் நீரிணையில் இந்தத் தூரம் என்ன செய்யும் என்று படகுக்காரர்களின் வீட்டாருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, கடலுக்குப் போகும் முன் துறைமுகத்திலேயே ஜி.பி.எஸ். திரையையும் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் கிளம்புங்கள். உப்புக்காற்றில் லேப்டாப் எப்போது வேண்டுமானாலும் கைவிடும். ஜி.பி.எஸ்.ஸும் திசைகாட்டியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.