பேரன் கைக்கு எந்தத் துப்பாக்கி? சம்சாரி கேட்கிறான், சர்க்கார் பதில் சொல்!

 

புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் மார்கழியில் பால் பிடிக்கிறது. நாம் பார்க்கிறதுக்கு முன்னாடி காட்டுப்பன்றி பார்த்துவிடுகிறது. ஒரு ராத்திரியில் ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது தட்டையும் இல்லை, கதிரும் இல்லை. விதைக் கடன், உரக் கடன், டிராக்டர் வாடகை மட்டும் அப்படியே நிற்கிறது. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு, கோவில்பட்டி என்று எந்தக் கரிசல் ஊரில் கேட்டாலும் இதே கதைதான்.

எங்கள் சங்கக் கூட்டத்தில் 73 வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “எய்யா செயலாளரு, எங்கய்யா காலத்துல லைசென்ஸ் வாங்குன மருந்துத் துப்பாக்கி வீட்டுல கிடக்கு. இனிமே என்னால தூக்க முடியல. மவன் துறைமுகத்துல லாரி ஓட்டுதான். காடு பாக்கிறது பேரன்தான், அவனுக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிட்டு. லேசா, தோளுக்கு அடக்கமா ஒண்ணு அவன் கையில குடுத்துட்டுக் கண்ண மூடலாம்னு பாக்கேன். எதை வாங்கலாம்?” என்று கேட்டார்.

நாலு பேர் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நிலத்தைப் பேரனுக்கு எழுதி வைக்கலாம். அதில் விளைகிறதைக் காக்க வழி இல்லாவிட்டால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம்தானே? ஆகவே பெரியவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

எதை வாங்குவது?

“ரைபிள் வாங்கும், லேசா இருக்கும்” என்றார் ஒருவர். வேண்டாம் அய்யா! ரைபிள் குண்டு மைல் கணக்கில் போகும். சின்ன .22 குண்டுகூட ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். நம்ம கரிசல் தட்டைக் காடு, குண்டைத் தடுக்க மலையா இருக்கிறது? குறி தப்பினால் அடுத்த காட்டில் காவலுக்குப் படுத்திருக்கிறவன் மேல் பாயும், கிடை போட்டிருக்கிற கீதாரி மேல் பாயும். அதோடு, வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. நமக்கு வேண்டியது வேட்டை இல்லை, வெள்ளாமைக் காவல்.

“லைசென்சே வேண்டாம், ஏர்கன் போதும்” என்றார் இன்னொருவர். 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் அது பன்றித் தோலில் கொசுக்கடி. விளையாட்டாக மயிலைச் சுட்டால் பேரன் போகிற இடம் ஜெயில்.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, பெரியவர் வீட்டில் கிடக்கிற மருந்துத் துப்பாக்கி. குழலில் மருந்து போட்டுக் கெட்டிக்கிற வகை. நம்ம தாத்தன்மார் பாதி நாள் குண்டே போடாமல் வெறும் மருந்தைக் கெட்டித்து ஒரு வேட்டுப் போடுவார்கள், அந்தச் சத்தத்துக்கே பன்றி ஓடும். ஆனால் நீளம், கனம். மார்கழிப் பனியில் மருந்து நமுத்தும் போகும். இன்னொன்று, 12 போர் ஒற்றைக்குழல். நடுவில் மடக்கித் திறந்து ஒரு தோட்டா போடுவது. சுமார் 3 கிலோ இருக்கும். திறந்து வைத்தால் தோட்டா இல்லை என்பது எட்ட நிற்கிறவனுக்கும் தெரியும். பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

ஒரு எச்சரிக்கை. லேசாக வேண்டும் என்று ரொம்ப லேசாக வாங்கினால் தோளில் விழுகிற உதை பலமாக இருக்கும். கனம் குறையக் குறைய உதை கூடும். எடையைப் பார்ப்பதைவிட, கட்டை பேரன் கை நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தோட்டாவை வேறு பெட்டியில், பூட்டுப் போட்டு வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் சொன்ன இந்த இரண்டையும்தான் சட்டமும் சொல்கிறது. 1959 ஆயுதச் சட்டம், 13-ஆவது பிரிவைப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்துத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும். அது போதாது என்று தெரிந்தால் ரைபிள் வரி இல்லாத வேறு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறது. 2016 ஆயுத விதிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க வழி உண்டு. மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன் மேல் அப்பீலும் உண்டு.

நடப்பது என்ன? பெரியவரின் பேரனோடு நாங்களும் ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். “இப்ப யாருக்கும் குடுக்கிறதில்ல” என்றார்கள். எழுதித் தாருங்கள் என்றோம். “எழுத்தா? அதெல்லாம் வழக்கமில்ல” என்றார்கள். “தென் மாவட்டம்யா, சாதித் தகராறு வரும்” என்று முடித்துவிட்டார்கள்.

இதற்கு நேராகவே பதில் சொல்கிறோம். தகராறு நம்ம பக்கத்தில் நடந்ததே இல்லை என்று நாங்கள் பொய் சொல்லமாட்டோம். வழக்கு உள்ளவனுக்கு, குடித்துவிட்டு ரகளை செய்கிறவனுக்குக் கொடுக்காதே. நன்றாக விசாரி. ஆனால் மனுச் செய்தவனை விசாரிக்காமல் மாவட்டத்தையே குற்றவாளியாக்கினால் எப்படி? நம்பர் போட்டு, ஸ்டேஷனில் பதிந்து வைத்திருக்கிற துப்பாக்கி யாருடையது என்று சர்க்காருக்குத் தெரியும். எவனிடம் இருக்கிறதென்றே தெரியாத கள்ளத் துப்பாக்கிதான் ஆபத்து. லைசென்ஸ் கதவை மூடினால் பெருகுவது அதுதான்.

இந்த அவநம்பிக்கை நேற்று வந்ததில்லை. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டான் கம்பெனிக்காரன். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினான். அதே வருஷம் டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ், ஜனங்கள் ஆயுதம் எடுக்கக்கூடாது என்று பிரகடனம் போட்டான். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டு வந்த ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரனுக்கு விலக்கு, நமக்குத்தான் லைசென்ஸ். வெள்ளைக்காரனுக்கு நம் மேல் பயம் இருந்தது, சரி. நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த சர்க்காருக்கு ஏன் அதே பயம்?

நம்மவர்களுக்கும் சொல்கிறோம்

முறையான வழியை அடைத்தால் மனுஷன் முறைகெட்ட வழிக்குப் போகிறான். வேலியில் கரண்ட் கம்பி கட்டுகிறான், அவுட்டுக்காய் வைக்கிறான். அதில் பன்றியா சாகிறது? தண்ணீர் பாய்ச்சப் போனவன் சாகிறான். மேய்ச்சலுக்குப் போன பசு வாய் கிழிந்து சாகிறது. சில நேரம் கம்பியைக் கட்டினவனே மறுநாள் மறந்துபோய் அதில் விழுகிறான். சர்க்காரை எவ்வளவு திட்டினாலும் இந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. பேரனுக்குக் காவல் தேடப் போய்ப் பேரனையே பலி கொடுக்கலாமா? கம்பியை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். சங்கம் எந்தக் காலத்திலும் அதற்குத் துணை நிற்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கையில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தாலும் பன்றியைச் சுட்டுக் கொல்ல வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். வேட்டுச் சத்தம் போட்டு விரட்டலாம், அனுமதி இல்லாமல் கொன்றால் வழக்கு. 2022-இல் கேரளாவில் பஞ்சாயத்துத் தலைவருக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற உள்ளூர் ஆளைக் கூப்பிட்டுச் சுடச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் ஆணை வந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் புதூர்க் காட்டில் பன்றி இறங்கும்போது வனத்துறை எங்கே இருக்கும்? நம்ம பன்றி மலையிலிருந்து வருகிறதில்லை. கண்மாய்க்குள்ளும் ஓடைக்குள்ளும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலங்காட்டில் குட்டி போட்டு, அங்கேயிருந்துதான் வருகிறது. அந்தப் புதரை வெட்ட வேண்டியது யார்? அதுவும் சர்க்கார்தானே!

எங்கள் கோரிக்கைகள்

1. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் மனுவை விதிப்படி காலத்தில் முடி! மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு!

2. 70 வயது கடந்த சம்சாரியின் லைசென்சை, உழுகிற பேரனும் வாரிசுதான் என்று ஏற்று, அவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக் கொடு! அவர் கண் மூடின பிறகு ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி துருப்பிடிக்கிற நிலைமை வேண்டாம்!

3. தேர்தல் வந்தால் எல்லார் துப்பாக்கியையும் மொத்தமாக வாங்கி வைக்காதே! ஆளைப் பார்த்து முடிவு செய்! பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது!

4. 2025 ஆணையை ஊர் ஊராக நடைமுறைப்படுத்து! கருவேலங்காட்டை வெட்டு! அழிந்த பயிருக்கு அந்தப் பருவத்துக்குள்ளேயே இழப்பீடு கொடு!

தோழர்களே! வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு பன்றி கடித்த கதிர் கொண்டு வாருங்கள், மேஜை மேல் வைப்போம். தாத்தாக்கள் பேரன்களைக் கையோடு கூட்டி வாருங்கள். உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு 1984-இல் உயிர் விட்டது இந்தக் கோவில்பட்டி மண்ணில்தான். கேட்டால்தான் கிடைக்கும் என்பதை நமக்குப் படித்துக் கொடுத்தது அவர்.

நிலம் எங்கள் பேரனுக்கு! காவலும் எங்கள் பேரனுக்கு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்