நுண்ணுணரியும் நம் சொற்பொறுப்பும்

அறிவியல் ஆய்வகத்தில் பிறக்கிறது. மக்கள் மொழியில் வழங்கும்போதே அது வாழ்கிறது. விரல் நுனியில் ஒரு துளி குருதியெடுத்துச் சர்க்கரை அளவைக் காட்டும் சிறு கருவி, இன்று நங்கநல்லூர் இல்லங்கள் பலவற்றில் உண்டு. துளியிலுள்ள குளுக்கோஸ் நொதியின் துணையால் வேதிமாற்றம் அடைகையில் எழும் சிறு மின்னோட்டமே அக்கருவியில் எண்ணாகத் தோன்றுகிறது. இதனையே மின்வேதியியல் உணரி என்கிறோம்.

மூளையின் செய்திகளைச் சுமக்கும் நரம்புக்கடத்திகளையும் இவ்வாறு அளக்கலாம் என்பது அறிஞர் கண்ட வழி. அவற்றுள் ஒன்று டோபமைன். அதனைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதாலேயே பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தில் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. மூளையில் டோபமைனின் பணியை 1950களில் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டோபமைனை அளப்பதில் இடரொன்று உண்டு. உடலில் அதனினும் மிகுதியாக உள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம் ஆகியவையும் சாதாரண மின்வாயில் ஏறத்தாழ அதே மின்னழுத்தத்தில் வினைபுரிந்து அதன் குறியை மறைத்துவிடுகின்றன. ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். அவ்வளவையில் அமைந்த கிராபீன், கரிக்குழாய், பொன் துகள் ஆகியவற்றைப் பூசிய மின்வாய்கள் அம்மூன்றையும் பிரித்துக் காட்டுகின்றன.

மின்வேதியியல் நமக்கு அயலான துறையன்று. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததால், காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தமிழ் மண்ணிலேயே திகழ்கிறது. ஆயினும் இத்துறையைத் தமிழில் விளக்கும் நூல்கள் அரிதாகவே உள்ளன.

அவ்விடத்தை மிகைச்சொற்கள் நிரப்புகின்றன. “ஒரு துளியில் மூளை நோய் தெரியும்” என்னும் அறிவிப்பு, நடுங்கும் கையோடு வாழும் முதியவர் குடும்பத்திற்கு எத்துணை ஆசையூட்டும்! உண்மையோ வேறு. இவ்வுணரிகளுள் பெரும்பாலானவை டோபமைன் கலந்த கரைசல்களிலும், அதனைச் சேர்த்த குருதிநீர், சிறுநீர் மாதிரிகளிலுமே சோதிக்கப்பட்டவை. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை டோபமைன் கடப்பதில்லை. ஆகவே குருதியில் கண்ட அளவு மூளையின் அளவாகாது. நடுக்குவாதத்தை இன்றும் மருத்துவர் நோயாளியை நேரில் ஆய்ந்தே முதன்மையாகத் தீர்மானிக்கின்றார்.

எனவே கலைச்சொல் ஆக்குவதோடு தமிழ்த்துறையின் பணி முடிந்துவிடாது. எதில் அளந்தனர், எவ்வளவு அளந்தனர், நோயாளரிடம் சோதித்தனரா, மருத்துவமனைக்கு வந்ததா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தராத அறிவியல் கட்டுரையைத் தமிழில் வெளியிடலாகாது என்பதே நம் கருத்து. எல்லையைச் சொன்னால் இளைஞரின் ஆர்வம் குன்றும் என்பார் உளர். அன்று, தீராத வினா எதுவென்று அறிந்த மாணவரே அதனைத் தீர்க்கப் புறப்படுவார். வேதியியல் துறையும் தமிழ்த்துறையும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதத் தொடங்கட்டும். நோயுற்றோர்க்குச் சொல்லும் சொல்லில் ஆறுதலுக்கு முன் உண்மை இருத்தல் வேண்டும்.