சவுக்காரமும் கறையும்

ஆடையிற் பட்ட கறையைப் போக்குதல் கல்லூரி இதழில் எழுதற்குரிய பொருளோ என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். உரியதே என்பது என் கருத்து. அதன் காரணத்தைச் சுருங்கக் கூறுவல்.

எம்மூர் திருவெறும்பூர். 1960-ஆம் ஆண்டுகளில் ஆங்குப் பாரத மிகுமின் தொழிலகம் அமைந்த பின்னர், அதனைச் சூழச் சிறு பட்டறைகள் பல தோன்றின. அவற்றுள் ஒன்றிற் கடைசல் வேலை செய்பவர் எந்தையார். அவருடைய சட்டைகளுள் எண்ணெய்க்கறை படாதது ஒன்றே. கல்லூரி விழாவிற்கு யான் அவரை அழைத்த வாரத்தில் அதிலும் பொறியெண்ணெய் பட்டுவிட்டது. "இந்தச் சட்டையோடு உன் கல்லூரிக்கு வரலாமா, தம்பி?" என்றார்.

அன்றிரவு யான் அதனை நீரில் தோய்த்துக் கைவலிக்கத் தேய்த்தேன்; கறை பரந்ததேயன்றி அகலவில்லை. அன்னையார் அதனை வாங்கி உலர்த்தினார். பின்னர்ச் சவுக்காரக் கட்டியைக் கறையின்மேல் அழுந்தத் தடவி, அரைமணி நேரம் வைத்திருந்து, வெந்நீரில் மெல்லக் கசக்கி அலசினார். மும்முறை அங்ஙனம் செய்யக் கறை மங்கிற்று.

சவுக்கார அணுத்திரளின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரை நாடும். ஆதலின் எண்ணெய் சிறு துளிகளாய்ப் பிரிந்து நீரோடு செல்கின்றது. முதலில் நீரில் தோய்த்தால், கட்டி எண்ணெயை நேரே பற்றுதல் அரிதாகும். அன்னையார் இந்நூல்களைக் கற்றவரல்லர். ஆயினும் செயலின் நுட்பத்தை அறிந்திருந்தார்.

கறைதோறும் முறை வேறு. குருதிக்கறையைத் தண்ணீரிலேயே கழுவுதல் வேண்டும். வெந்நீர் பட்டால் அது நூலில் உறைந்துவிடும். மஞ்சட்கறை சவுக்காரம் பட்டவுடன், சுண்ணாம்பு சேர்ந்தாற்போலச் சிவக்கும். அதற்கு அஞ்சவேண்டா, அலசி வெயிலில் உலர்த்தினால் நாளடைவில் வெளுக்கும். காவிரிக்கரைத் தோட்டங்களில் உழைப்போர் நன்கறிந்த வாழைக்கறையோ, உலர்ந்து கருத்தபின் எச்சவுக்காரத்திற்கும் எளிதில் இணங்காது. அது வேட்டி கிழியுமட்டும் உடனிருக்கும்.

1791-இல் பிரஞ்சு நாட்டு லெபிளாங்கு என்பார் உப்பினின்று சோடா ஆக்கும் வழிக்கு உரிமை பெற்றார். பின்னர் அதனாற் சவுக்காரம் மலிந்தது. அஃது இங்கு வருமுன்னரே நம் நாட்டு வண்ணார் உவர்மண்ணாலும் வெள்ளாவியாலும் ஊராரின் அழுக்கை நீக்கினர். அடியார் ஆடையை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரைச் சேக்கிழார் போற்றினார். திருமறையும் வண்ணாரின் சவுக்காரத்தை உவமையாக்கிற்று. எனினும், நூலில் அத்தொழிலைப் போற்றிய நாம் தெருவில் அத்தொழிலோரைத் தாழ்த்தினோம். அவ்வெண்ணம் இன்றும் முற்றும் ஒழிந்திலது.

ஆதலின் விடுதி மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆடையைத் தம் கையாலேயே துவைத்தல் வேண்டும் என்பேன். ஒரு கறையோடு ஒருமணி நேரம் போராடியவன், பிறர் சட்டைக் கறையைக் கண்டு எளிதில் முகஞ்சுளிக்க மாட்டான். மருந்துக்கடையில் விற்கும் எவ்வெளுப்புத் தூளும் இவ்வறிவைத் தாராது.

எந்தையார் விழாவிற்கு வந்தார். கைந்நுனியில் மங்கிய நிழலொன்று எஞ்சியிருந்தது. அவர் அதனை மடித்து மறைத்துக்கொண்டார். மறைக்கவேண்டிய தேவை அவருக்கு இல்லாதிருந்திருக்க வேண்டும். அதுவே என் வருத்தம்.