லயத்துக்கும் எட்ட வேண்டும் விஞ்ஞானம்

மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடி போகும் பஸ் முக்காலியில் நிற்கும்போது, அமைதிப் பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தவர்கள் இறங்கிக்கொள்வார்கள். அகளிக்கும் ஆனைக்கட்டிக்கும் போகிறவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காடு இன்றைக்கும் காடாக நிற்பதற்கு ஒரு விஞ்ஞானச் சங்கமும் காரணம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குந்திப்புழையின் குறுக்கே 131 மீட்டர் உயரத்தில் ஓர் அணை. 120 மெகாவாட் மின்சாரம். 10,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனம். இதுதான் கேரள மின்வாரியத்தின் திட்டம். 1973-ல் திட்டக் கமிஷன் அனுமதியும் கொடுத்துவிட்டது. மலபார் தொழிலில் பின்தங்கிய பகுதி. மின்சாரம் வந்தால் ஆலை வரும், ஆலை வந்தால் வேலை வரும் என்றார்கள். வேலை தேடி வாளையாறு தாண்டி வந்த தமிழனுக்கும் அது இனிப்பான பேச்சுத்தான். ஆனால் சுமார் 830 ஹெக்டேர் மழைக்காடு நீரில் மூழ்கும். அங்கே வாழும் சிங்கவால் குரங்குக்கு வேறு போக்கிடம் குறைவு.

எதிர்த்துப் பேசியவர்களில் முன்னால் நின்றது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962-ல் கோழிக்கோட்டில், விஞ்ஞானத்தை மலையாளத்தில் எழுதுகிறவர்கள் கூடி ஏற்படுத்திய சிறிய அமைப்பு அது. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் காட்டுக்காக வாதாடியபோது, பரிஷத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா என்று வெளியிலும் கேட்டார்கள்.

பரிஷத் கோஷத்தோடு நின்றுவிடவில்லை. உயிரியல், மின்சாரம், விவசாயம், பொருளாதாரம் தெரிந்த ஐந்து பேர் சேர்ந்து கணக்குப் பார்த்து, 1979-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். காட்டின் அருமையை மட்டும் அதில் சொல்லவில்லை. மலபாரின் தேவையை வேறு வழியில் எப்படித் தீர்ப்பது என்றும் ஆராய்ந்தார்கள். பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி குரல் கொடுத்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், மத்திய விவசாயத் துறைச் செயலாளராக இருந்தபோது நேரில் வந்து பார்த்துக் காட்டைக் காப்பாற்றச் சொன்னார். பிறகு எம்.ஜி.கே. மேனன் தலைமையில் குழு அமைந்தது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தி அதில் காட்டிய அக்கறை ஊரறிந்தது. 1984-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தார்.

ஒரு குமாஸ்தா தனியாக மனு எழுதினால் அது பைலுக்குள் தூங்கும். யூனியன் எழுதினால் பதிலாவது வரும். விஞ்ஞானிக்கும் அதே கதிதான். அரசுச் சம்பளம் வாங்கும் ஆராய்ச்சியாளர் அரசின் திட்டத்தைத் தனித்து நின்று குறைசொல்வது எளிதல்ல. சங்கம் பேசினால் பெயர் மறையும், கணக்கு நிற்கும்.

பணம் கேட்கவும் சங்கம் வேண்டும். 2017 ஆகஸ்ட் 9-ம் தேதி நாட்டின் பல நகரங்களில் விஞ்ஞானிகளும் மாணவர்களும் ஊர்வலம் போனார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவிகிதம் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 2020-21 கணக்குப்படி நாடு செலவழித்தது 0.64 சதவிகிதம். நூறு ரூபாய்க்கு அறுபத்துநாலு காசு!

இது படித்தவர்களின் சண்டை, கூலிக்காரனுக்கு இதில் என்ன என்று நினைப்பவர்கள் பெட்டிமுடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறுக்கு அருகே மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். செய்தி வெளியே வந்ததே மறுநாள் காலையில்தான். எந்தச் சரிவு எவ்வளவு மழைக்கு இளகும் என்று முன்கூட்டிச் சொல்ல மழைமானி வேண்டும், மண்ணைச் சோதிக்க ஆள் வேண்டும், பல வருஷப் பதிவு வேண்டும். அதற்குத்தான் அந்தக் காசு.

ஆனால் காசும் அறிக்கையும் மட்டும் போதாது என்பதற்கும் இடுக்கியே சாட்சி. மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-ல் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி அறிக்கை கொடுத்தது. அது பொதுமக்கள் பார்வைக்கு வரவே 2012 ஆகிவிட்டது. கிராம சபைகளில் பேசி முடிவெடுங்கள் என்பதே காட்கிலின் யோசனை. மலைக்கு வந்து சேர்ந்ததோ, நிலம் பறிபோகும், வீடு கட்ட முடியாது என்ற பேச்சு. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் அறிக்கைக்கு எதிராக 2013-ல் ஹர்த்தால்கள் நடந்தன. சிறு விவசாயியின் பயத்தைப் பரிகாசம் செய்வதற்கில்லை. அவனுக்கு யார் முன்கூட்டியே உட்கார்ந்து விளக்கினார்கள்?

பரிஷத்தின் பலம் இங்கேதான் இருந்தது. பல வருஷமாக மலையாளத்தில் பத்திரிகை நடத்தி, ஊர் ஊராக வகுப்பு எடுத்துப் பழக்கியிருந்தது. ஆகவே அமைதிப் பள்ளத்தாக்கு பற்றிப் பேசியபோது கேட்க ஆள் இருந்தது. தமிழ்நாட்டில் 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதே வேலையைத் தமிழில் செய்கிறது. மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு லயங்களோ இரண்டுக்கும் நடுவில் கிடக்கின்றன. மலையாளத்தில் சொல்வது முழுதாகப் புரிவதில்லை. தமிழில் சொல்பவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

இரண்டு அமைப்புகளும் கைகோத்து, மழைக்காலத்துக்கு முன்பே லயங்களில் தமிழில் வகுப்பு எடுக்கலாம். தொழிற்சங்கங்கள் போனஸ் கேட்கும் அதே மேஜையில், சரிவு வரைபடத்தையும் மழைமானியையும் கேட்கலாம். தமிழர்கள் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரளத்தின் 1969-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. எச்சரிக்கையும் ஆய்வறிக்கையும் தமிழில் வேண்டும் என்று மனு போடுவது சலுகை கேட்பது அல்ல.

அமைதிப் பள்ளத்தாக்கின் குரங்குக்காகக் கணக்குப் பார்த்துப் பேச ஐந்து பேர் இருந்தார்கள். மலைச்சரிவில் உறங்கும் தொழிலாளிக்கும் அப்படிப் பேச ஆள் வேண்டும். அது அவனுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும்.