தப்பியவன் பிழைத்தானா?

குற்றவாளி தண்டனை பெறாத கதை கத்தோலிக்கர் இல்லங்களில் நுழையலாகாது என்று நம்முள் சிலர் வாதிடுகின்றனர். அவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

1921இல் அமெரிக்காவில் பிறந்து, 1995இல் சுவிட்சர்லாந்தில் மறைந்த பட்ரீசியா ஹைஸ்மித் திகில் நாவல்களால் புகழ்பெற்றவர். அவருடைய முதல் நாவல் 1950இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஹிட்ச்காக் அதைத் திரைப்படமாக்கினார். 1952இல் ஒரு நாவலைப் புனைபெயரில் வெளியிட்டவர் என்பதால், தன்னை மறைத்து வாழ்வதன் பாரத்தை அவர் அறிந்திருந்தார். 1955 முதல் 1991 வரை ஐந்து நாவல்களில் அவர் பின்தொடர்ந்த பாத்திரம் டாம் ரிப்ளி. கத்தோலிக்க எழுத்தாளர் கிரகாம் கிரீன், இவருடைய சிறுகதைத் தொகுதிக்கு 1970இல் முன்னுரை வழங்கினார் என்பதையும் நினைவில் கொள்வோம்.

ரிப்ளி பெற்றோரை இழந்தவன், வறியவன். இத்தாலியில் தங்கிவிட்ட தம் மகன் டிக்கியை அழைத்துவரச் செல்வந்தர் ஒருவர் அவனை அனுப்புகிறார். அவனோ டிக்கியைப் படகில் கொன்று, அவனுடைய உடையையும் மோதிரங்களையும் அணிந்து, அவன் பெயரில் கையொப்பமிட்டு வாழ்கிறான். இறுதியில் சொத்தும் அவன் கைக்கு வருகிறது. சட்டம் அவனைத் தொடவில்லை.

1960இல் வந்த பிரெஞ்சுத் திரைப்படம், அவன் அகப்படுவதாக முடிவை மாற்றியது. நூலாசிரியை அதை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. காவலர் பிடித்தால்தான் பாவம் பாவமாகுமா? நாவலின் முடிவில், துறைமுகந்தோறும் காவலர் தனக்காகக் காத்துநிற்பதாக ரிப்ளியின் மனக்கண் காண்கிறது. அதனினும் கொடிய சிறை உண்டோ? தன் சொந்தப் பெயருக்குத் திரும்புவதையே வெறுத்தவன், உயிர் தப்பினானேயன்றிப் பிழைக்கவில்லை.

திருவிவிலியத்திலும் ஒருவன் அண்ணனின் உடையை அணிந்து, "நானே ஏசா" என்று பார்வை மங்கிய தந்தையை ஏமாற்றினான். ஆண்டுகள் பல சென்றபின், யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடியவனிடம் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: உன் பெயர் என்ன? "யாக்கோபு" என்று அவன் உண்மை உரைத்த பிறகே புதிய பெயரும் ஆசியும் கிட்டின. ரிப்ளிக்கு அந்த ஆற்றங்கரை வாய்க்கவேயில்லை.

நமக்கு வாய்த்திருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனம் அதுவே. ஆயினும் ஆலயத்தில் ஒரு முகமும் அங்காடியில் ஒரு முகமும் அணிந்து, எந்தப் பெயரில் அங்கே முழந்தாளிடுகிறோம்? ரிப்ளியைக் கண்டு முகம் சுளிக்குமுன், இக்கேள்விக்கு விடையளிப்போம்.